நீலகிரியில் ரோடு சைக்கிள்: ஏறும் முன் இறங்குவதைத் திட்டமிடுங்கள்

நீலகிரிக்கு முதல்முறை ரோடு சைக்கிளோடு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "என்னால ஏற முடியுமா?" முடியும். கியர் சரியாக இருந்து, அவசரப்படாமலும் இருந்தால், சமவெளியில் ஒரே நாளில் எழுபது எண்பது கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய யாரும் கோத்தகிரி ஏறிவிடலாம். ஆட்கள் விழுவது பெரும்பாலும் இறக்கத்தில். இல்லையென்றால் பிற்பகல் மூன்று மணிக்கு ஏதாவது ஒரு பள்ளத்தாக்கின் அடியில் நின்றுகொண்டு, ஊட்டி இன்னும் எவ்வளவு தூரம் என்று காய்கறி பிக்கப் ஓட்டுநரிடம் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் இதைத் தலைகீழாகவே ஆரம்பிக்கிறேன். எப்படி இறங்கப் போகிறோம் என்பது முதலில், ஏற்றம் அதற்கப்புறம்.

கீழே உள்ள வரிசை ஐந்தாறு நாள் கையில் இருப்பவர்களுக்கானது. இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால் கோத்தகிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஊட்டி வரை இழுக்க வேண்டாம்.

## 1. எந்தப் பாதையில் இறங்குவது என்று முடிவு செய்யுங்கள்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி 2240 மீட்டர். இந்த வித்தியாசத்தைக் கடக்கத் தார்ச்சாலைகள் பல இருந்தாலும், சைக்கிளுக்கு அவை எல்லாம் ஒன்றல்ல.

மேட்டுப்பாளையம் – கோத்தகிரி: குஞ்சப்பனை, அரவேணு வழியாக ஏறத்தாழ 33 கிலோமீட்டர். சாய்வு பெரும்பாலும் சீராக இருக்கும். கொண்டை ஊசி வளைவுகள் குறைவு, லாரியும் குன்னூர் பாதையைவிடக் குறைவு. முதல்முறை வருகிறவருக்கு ஏறவும் இறங்கவும் இதுதான்.

மேட்டுப்பாளையம் – குன்னூர்: கல்லாறு, பர்லியாறு வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 181. 14 கொண்டை ஊசி வளைவுகள். சாய்வு சராசரியாக ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான், கால்கள் அதைத் தாங்கிவிடும். தொல்லை போக்குவரத்தில். ஊட்டிக்குப் போகும் சுற்றுலா பஸ், வேன், லாரி எல்லாம் இதே வழிதான்.

மசினகுடி – ஊட்டி, அதாவது கல்லட்டி மலைப்பாதை: 36 கொண்டை ஊசி வளைவுகள். சராசரியே எட்டு ஒன்பது சதவீதத்தைத் தொடும், நடுவில் அதைவிட மோசமான இடங்களும் உண்டு.

காரமடை – கெத்தை – மஞ்சூர்: 43 கொண்டை ஊசி வளைவுகள், சுற்றிலும் காடு, யானை நடமாட்டம். இந்தக் கடைசி இரண்டையும் பத்தாம் பகுதியில் தனியாகப் பார்க்கலாம்.

இதில் என் சிபாரிசு எளிமையானது. எந்தப் பாதையில் ஏறினீர்களோ அதே பாதையில் இறங்குங்கள். வந்த வழியே திரும்புவதா என்று பலருக்கு முகம் வாடும், 'லூப்' போட்டால்தான் திருப்தி. ஆனால் மணிக்கு ஏழு எட்டு கிலோமீட்டரில் ஏறும்போது எந்த வளைவில் ஜல்லி சிதறிக் கிடக்கிறது, எங்கே பாறையிலிருந்து தண்ணீர் கசிந்து சாலை நனைந்தே இருக்கிறது, எந்த இடத்தில் பாலத்துக்கு முன்னால் தார் பெயர்ந்திருக்கிறது என்று எல்லாம் கண்ணில் படும். முன்பின் தெரியாத பாதையில் மணிக்கு நாற்பதில் இறங்கும்போது அந்தக் குழி தெரியும்போது சக்கரம் அதற்குள் இருக்கும். ஏறுகிற நாளிலேயே மோசமான வளைவுகளை, பக்கத்தில் உள்ள மைல்கல்லோடு சேர்த்துப் போனில் குறித்து வையுங்கள்.

## 2. மாதத்தைப் பார்த்துப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

நீலகிரிக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தை அடிக்கும்: கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது, அந்தப் பக்கத்து மழை எப்படிப்பட்டது என்பதற்கு அது போதும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கிழக்குப் பக்கம் திரும்பும். குன்னூர், கோத்தகிரி மலைப்பாதைகளில் மண் சரிவதும் மரம் சாய்வதும் அப்போதுதான். ஆக, ஒரே மாவட்டத்தில் ஒரு பக்கம் கொட்டும்போது மறு பக்கம் தூறலோடு நின்றுவிடுவதும் உண்டு.

ஏப்ரல், மே சீசன். மலர்க் கண்காட்சி நேரத்தில் சாலையில் வண்டி ஊர்ந்துதான் போகும். இன்னொரு விஷயம், சீசனில் மாவட்ட நிர்வாகம் பொதுவாக ஒருவழி முறையைக் கொண்டுவரும்: சுற்றுலா வண்டிகள் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். அந்த நாட்களில் நீங்கள் கோத்தகிரி பாதையில் ஏறினால் எதிரே இறங்குகிற அத்தனை வண்டியும் உங்கள் பக்கமாகத்தான் வளைவை வெட்டிக்கொண்டு வரும்.

என்னைக் கேட்டால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை. வெயில் இருக்கும், சாலை காய்ந்திருக்கும். ஜனவரியில் ஊட்டிப் பள்ளங்களில் காலையில் உறைபனி விழும், விரல் விறைத்துப்போனால் பிரேக்கைப் பிடிக்க முடியாது. அதனால் மேலே தங்கும் நாட்களில் எட்டு மணிக்கு முன்னால் கிளம்ப வேண்டாம். சமவெளிப் பழக்கத்தில் ஐந்து மணிக்கு எழுந்து ஹெல்மெட் மாட்டுகிறவர்களுக்கு இது ஒப்பாது. அவர்கள் ஒரு நாள் விறைத்துவிட்டு மறுநாள் எட்டு மணிக்கு வந்து சேர்வார்கள்.

## 3. சைக்கிளில் மூன்றே மூன்றை மாற்றுங்கள்

முதலாவது கியர். முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் கேசட்டில், அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கில், பெரியது 32 அல்லது 34 பல். கடையில் வந்தபடியே 28 பல்லோடு வருகிறவர்கள்தான் பாதி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். கணக்கு இதுதான்: 34-க்கு 34 வைத்து நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வரும், அந்த வேகத்தில் எட்டு சதவீதச் சாய்வை மூச்சு வாங்காமல் ஏறலாம். 28 பல்லில் அதே 60 சுற்றுக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கும், காலில் அவ்வளவு பலம் இல்லையென்றால் சுற்று 45-க்கு இறங்கிவிடும், பாரம் முழுக்க முட்டியில் விழும். பெரிய கேசட்டுக்குப் பின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) நீளம் போதுமா என்று மெக்கானிக்கிடம் முன்பே கேட்டுவிடுங்கள். செயினும் அதற்கேற்ற நீளம் வேண்டும்.

இரண்டாவது பிரேக். கட்டைகள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதிதாகப் போடுங்கள், மலை முடியட்டும் என்று மிச்சம் பிடிக்க வேண்டாம். ரிம் பிரேக் சைக்கிளில் கார்பன் சக்கரம் வைத்திருப்பவர்கள் அதை வீட்டில் விட்டுவிட்டு அலுமினியச் சக்கரத்தோடு வாருங்கள். நீண்ட இறக்கத்தில் விடாமல் உரசும்போது வரும் சூடு கார்பன் ரிம்மைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது டயர். 25 மில்லிமீட்டர் போதும் என்று சொல்லாதீர்கள். ஃபிரேமில் இடம் இருந்தால் 28, இன்னும் இடம் இருந்தால் 32. ஊர்ச் சாலைகளில் ஒட்டுப் போட்ட தார்தான் அதிகம், ஈரமும் சேர்ந்தால் அகலமான டயரின் பிடிப்பு வேறு மாதிரி.

மற்றபடி விளக்கு. பகலில்தானே ஓட்டப் போகிறோம் என்று விட்டுவிடுகிறார்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் இருபது அடிக்கு அப்பால் பஸ் தெரியாது. நீங்களும் பஸ்காரர் கண்ணுக்குத் தெரிய மாட்டீர்கள். பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் மினுங்கிக்கொண்டே இருக்கட்டும்.

## 4. மேட்டுப்பாளையம் வரை சைக்கிளைக் கொண்டு சேர்ப்பது

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதி. இரவு சென்ட்ரலில் கிளம்பி காலையில் மேட்டுப்பாளையம் சேரும். இந்த ரயிலில் ஒரு நல்ல விஷயம், இரண்டு முனையும் கடைசி நிலையம். ஏற்றவும் இறக்கவும் நேரம் இருக்கும். கோயம்புத்தூர் மாதிரி நடுவில் நிற்கும் நிலையத்துக்குப் போட்டால், இறக்குவதற்குள் வண்டி கிளம்பி சைக்கிள் அடுத்த ஊருக்குப் போய்விடும் அபாயம் உண்டு.

பயணச் சீட்டோடு லக்கேஜ் அலுவலகத்துக்கு ரயில் கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு முன்பே போங்கள். பின் டீரெய்லரைச் சுற்றி அட்டை கட்டுங்கள், ஃபிரேமுக்குச் சாக்கு சுற்றுங்கள். பெயர், பிஎன்ஆர் எண், சேரும் ஊர் மூன்றையும் பெரிய எழுத்தில் இரண்டு இடத்தில் எழுதிக் கட்டுங்கள். பாட்டில், பை, விளக்கு, மீட்டர் எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் முதல் வேலை பின் டீரெய்லர் உள்பக்கம் வளைந்திருக்கிறதா என்று பின்னால் குந்தி உட்கார்ந்து பார்ப்பது. வளைந்திருப்பது தெரியாமல் முதல் ஏற்றத்தில் பெரிய பல்லுக்கு மாற்றினால் அது கம்பிகளுக்குள் போய்ச் சிக்கும், பயணம் அங்கேயே முடிந்தது. அதைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்னத் துண்டு ஒன்று, உங்கள் ஃபிரேமுக்குப் பொருந்துவது, பையில் இருக்கட்டும்.

கூடவே கார் வருகிறது என்றால் ஈ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தேவையில்லை.

தண்ணீருக்கு இரண்டு பெரிய சைக்கிள் பாட்டில் கட்டாயம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், வழியில் கடையில் வாங்கிக் குடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஊர்களில் வாட்டர் ஏடிஎம் இருக்கிறது, சில்லறை வைத்திருங்கள். டீக்கடையில் கேட்டாலும் நிரப்பித் தருவார்கள்.

## 5. முதல் நாள்: கோத்தகிரி ஏற்றம்

ரயில் இறங்கி, சைக்கிளில் கழற்றியதை மாட்டிச் சரிபார்த்து, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழரைக்குள் கிளம்பலாம். பொங்கல், வடை, பூரி எல்லாம் கோத்தகிரி போய்ச் சேர்ந்த பிறகு. வயிறு கனமாக இருந்தால் முதல் ஐந்து கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும்.

பவானி ஆற்றைத் தாண்டி ஊரை விட்டு வெளியே வந்ததும் கொஞ்ச தூரம் சமதளம், அப்புறம் ஏற்றம் ஆரம்பிக்கும். முதல் அரை மணி நேரம் உங்களுக்கே அலுப்பாகத் தோன்றும் அளவுக்கு மெதுவாகப் போங்கள். எல்லாரும் தடுக்குவது இங்கேதான். காலையின் உற்சாகம், சாய்வும் மிதம், குழுவில் யாராவது ஒருவர் வேகமாகக் கிளம்பிவிடுவார், மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். குஞ்சப்பனை வருவதற்குள் வாய் திறந்து மூச்சு விட ஆரம்பித்துவிடும். ஒரு வாக்கியத்தை நிறுத்தாமல் பேசி முடிக்க முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம்.

குஞ்சப்பனையில் டீக்கடைகள் இருக்கின்றன. நில்லுங்கள். பசிக்கவில்லை என்றாலும் ஒரு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ போகட்டும். பசி வந்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும், மலையில் அந்த அரை மணி நேரம் நீளமானது.

கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்பை ஒட்டிப் போகாதீர்கள். தூரம் குறைவு என்று தோன்றும், ஆனால் சாய்வு அங்கேதான் உச்சம். எதிரே வண்டி இல்லை என்று தெரிந்தால் கொஞ்சம் வெளியே தள்ளி, நம் பக்கத்துச் சாலையின் நடுவில் சுற்றுங்கள். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். நடுவில், காலில் முழு அழுத்தத்தோடு கியர் மாற்றினால் செயின் நழுவும், பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிட் காலணி போட்டவர் அப்படியே பக்கவாட்டில் சாய்வார்.

அரவேணு தாண்டினால் காற்று மாறுவது தோலில் தெரியும். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. வியர்வையோடு நின்றால் குளிர் பிடிக்கும், அதனால் நிற்கிற இடத்தில் எல்லாம் மெல்லிய ஜாக்கெட்டைப் போடுங்கள், கிளம்பும்போது கழற்றுங்கள். தொல்லைதான், ஆனால் காய்ச்சலோடு இரண்டாம் நாளை லாட்ஜ் அறையில் கழிப்பதைவிட மேல்.

ஓய்வோடு சேர்த்து நாலரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் கோத்தகிரி. அன்று அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

## 6. இரண்டாம் நாள்: கோடநாடு

கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர். ஈளாடா வழியாகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கிப் போகும் சாலை. முதல் நாள் உடம்பு வலியோடு ஊட்டிக்கு ஏறாமல் இதை நடுவில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சின்னச் சின்ன இறக்கங்களில் பிரேக் பிடித்துப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. இறக்கம் நீளமாக இருக்காது, தவறினாலும் அடுத்த திருப்பத்தில் ஏற்றம் வந்து தானாகவே வேகம் குறைந்துவிடும். ஒன்பதாம் பகுதியில் சொல்லும் முறையை இங்கே செய்து பாருங்கள்.

பச்சைத் தேயிலை ஏற்றிய வண்டிகள் குறுக்குச் சாலைகளிலிருந்து திடீரென்று வரும். தோட்டத்துக்குள் காட்டெருமை நிற்பதும் சகஜம், அதைப் பற்றி எட்டாம் பகுதியில்.

## 7. மூன்றாம் நாளிலிருந்து: ஊட்டியும் பள்ளத்தாக்குகளும்

கோத்தகிரி – கட்டபெட்டு – தொட்டபெட்டா சந்திப்பு – ஊட்டி, மொத்தம் 28 கிலோமீட்டர் போல. உச்சி தொட்டபெட்டா சந்திப்பில், அதற்கப்புறம் ஊருக்குள் இறக்கம். சந்திப்பிலிருந்து 2637 மீட்டர் சிகரத்துக்குப் போகும் கிளைச் சாலை செங்குத்து, சுற்றுலா வண்டிகளும் அதிகம், முதல் பயணத்தில் அதை விட்டுவிடலாம்.

ஊட்டியில் தங்கிச் சுற்றும்போது ஒன்றை மனதில் வையுங்கள். மலைப்பாதையில் கஷ்டம் முதலில், சுகம் பிறகு. பள்ளத்தாக்கில் அப்படியே தலைகீழ். காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்குவீர்கள், ஏற்றம் முழுவதும் மதியத்துக்கு மேல், களைத்த காலுக்கு, மேகம் இறங்கும் நேரத்துக்கு மிச்சம் இருக்கும். மீட்டரில் தூரம் பாதி முடிந்தது என்று காட்டும், ஆனால் உழைப்பில் கால்வாசிகூட முடிந்திருக்காது. எனவே திரும்பும் இடத்தைக் கிலோமீட்டரை வைத்துத் தீர்மானிக்காமல் கடிகாரத்தை வைத்துத் தீர்மானியுங்கள். பதினொன்றரைக்கு எங்கே இருக்கிறீர்களோ, அங்கிருந்து திரும்புங்கள். எமரால்டு அணை கண்ணுக்குத் தெரிகிறதே, இன்னும் கொஞ்சம்தானே என்று இறங்கினால் அந்தக் கொஞ்சத்தையும் திரும்பி ஏற வேண்டும்.

எமரால்டு பாதை: ஊட்டி, லவ்டேல், முத்தொரை பாலாடா, இத்தலார், எமரால்டு. எனக்கு நீலகிரியில் பிடித்த சாலை இது. கேரட், உருளைக்கிழங்கு, பூண்டுத் தோட்டங்கள் படிப்படியாக இறங்க, நடுநடுவே படுகர் ஊர்கள், ஒரே வரிசையாக வீடுகள். ரசிக்க நிறைய இருப்பதால்தான் எச்சரிக்கையும்: அறுவடை நேரத்தில் தோட்டத்திலிருந்து ஏறிவரும் பிக்கப் வண்டிகளின் டயரிலிருந்து விழுந்த செம்மண் சாலையில் உள்ளங்கை அளவு திட்டுத் திட்டாகக் கிடக்கும். காய்ந்திருந்தால் தூசி. கேரட் கழுவும் இடங்களுக்குப் பக்கத்தில் தண்ணீர் பட்டுவிட்டால் சோப்பு போலத்தான், முன் பிரேக்கைத் தொட்டாலே சக்கரம் போய்விடும். அந்த இடங்களில் சைக்கிளைச் சாய்க்காமல், பிரேக்கைத் தொடாமல், நேராக உருட்டிக் கடந்துவிடுங்கள். எமரால்டுக்கு அப்பால் அவலாஞ்சி வரை போக ஆசை வரும். ஏரியைத் தாண்டிக் காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் போக முடியும், எனவே சைக்கிளுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

பைக்காரா பாதை: ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் பக்கம் இருபுறமும் திறந்த புல்வெளி, அங்கே காற்றுதான் எதிரி. சில நாள் இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருக்கும். சாலை அகலம், ஆனால் கேரள, கர்நாடக வண்டிகள் வேகமாக வரும், எனவே ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். பைக்காராவைத் தாண்டி நடுவட்டம் வரை போவது பலம் உள்ளவர்களுக்கு. அங்கிருந்து கூடலூர் பக்கம் இறங்கத் தொடங்கிவிட்டால், ஏறித் திரும்புவது தனி நாள் வேலை.

ஊட்டி – குன்னூர் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டுவதில் எந்தச் சுகமும் இல்லை. கேத்தியைப் பார்க்க வேண்டும் என்றால் எல்லநள்ளியிலிருந்து கேத்தி பாலாடா பக்கம் இறங்கி, அதே வழியில் ஏறி வாருங்கள்.

ஊர்களுக்குள் நுழையும்போது வேகத்தைக் குறையுங்கள். நாய் துரத்தினால் மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், ஏற்றத்தில் நாய்தான் ஜெயிக்கும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் ஆர்வம் போய்த் திரும்பிவிடும்.

## 8. காட்டெருமை, யானை, கரடி

சைக்கிள் சத்தம் போடாது. இங்கே அது வசதியில்லை, ஆபத்து. மோட்டார் சத்தத்தைக் கேட்டு விலகும் விலங்கு, நீங்கள் பத்தடியில் வந்து நிற்கும் வரை கவனிக்காது. வளைவுகளுக்கு முன் மணியடியுங்கள், அல்லது சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள்.

பலாப்பழக் காலத்தில், மே முதல் ஜூலை வரை, குஞ்சப்பனை, முள்ளூர், மாமரம் பக்கம் யானைகள் சாலைக்கு வரும். விடியலிலும் அந்தியிலும் அங்கே இருக்காதீர்கள். யானை தெரிந்தால் தூரத்திலேயே நின்று, ஒரு பஸ்ஸோ லாரியோ வரும் வரை காத்திருந்து, ஓட்டுநரிடம் சொல்லி வண்டியின் மறைவில் கடந்துவிடுங்கள். போட்டோவுக்கு நிற்க வேண்டாம்.

காட்டெருமை தனியாக நின்றால் கூட்டமாக நிற்பதைவிடக் கவனம் தேவை. அது சாலையைத் தாண்டிய பிறகும் ஒரு நிமிடம் பொறுங்கள், பின்னால் கன்று வரலாம். கோத்தகிரி, குன்னூர்த் தோட்டங்களில் அந்தி நேரத்தில் கரடி நடமாட்டம் உண்டு, ஐந்து மணிக்குள் அறைக்கு வந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## 9. இறங்கும் நாள்

காலை எட்டு மணிக்கு மேல், சாலை காய்ந்த பிறகு, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு. ஊட்டியிலிருந்து ஒரே மூச்சில் மேட்டுப்பாளையம் வேண்டாம். முந்தைய நாளே கோத்தகிரிக்கு வந்து தங்கிவிட்டு அங்கிருந்து இறங்குங்கள், அப்போது உங்கள் கவனம் புதிதாக இருக்கும்.

கிளம்பும் முன்: இரண்டு பிரேக்கையும் அழுத்தி, நெம்புகோல் கைப்பிடி வரை வராமல் நிற்கிறதா பாருங்கள். டயரில் வெட்டு இருக்கிறதா பாருங்கள். காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறையுங்கள், கூட்ட வேண்டாம். முழு விரல் கையுறை, ஜாக்கெட்.

பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்வது. பத்திரம் என்று தோன்றும். ஆனால் ரிம்மோ டிஸ்க்கோ ஆற நேரமே கிடைக்காது, சூடு ஏறி ஏறிப் பிடிப்பு குறையும், ரிம் பிரேக்கில் டியூப் வெடிப்பதும் இதனால்தான். நேர்ச்சாலையில் கைவிட்டு ஓடவிடுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிடுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். கைப்பிடியின் கீழ் வளைவைப் பிடித்திருந்தால் பிரேக்குக்குப் பலமும் வரும், உடம்பும் தாழும். ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள். ரிம்மைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், விரலைக் கிட்டே கொண்டுபோனாலே சூடு தெரியும்.

அப்புறம் பஸ். இதைக் கொஞ்சம் நிதானமாக மனதில் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் இறங்கிவருகிறீர்கள், இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு. எதிரே ஏறிவரும் பஸ்ஸுக்கு அது வலப்பக்கத் திருப்பம். பஸ்ஸின் மூக்கு வெளிவட்டத்தில் ஒழுங்காகத்தான் போகும், ஆனால் பின்சக்கரங்கள் குறுக்கே வெட்டி உள்பக்கம் வரும். அந்த உள்பக்கம் உங்களுடையது. மூக்கு தாண்டிவிட்டது, இடம் இருக்கிறது என்று உள்ளே நுழைகிறவருக்கு நடுவழியில் இடம் சுருங்கிக்கொண்டே வரும், ஒரு பக்கம் பஸ்ஸின் தகடு, மறு பக்கம் பாறைச் சுவர். எனவே வளைவுக்குக் கீழே பஸ்ஸின் தலை தெரிந்தாலே வளைவுக்கு மேலேயே ஓரமாக நின்றுவிடுங்கள், ஒரு காலை ஊன்றி. மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, அதனால் ஓட்டுநரும் நீங்கள் நிற்பதைத்தான் எதிர்பார்ப்பார். பலர் கை காட்டிவிட்டுப் போவார்கள்.

பின்னால் வண்டி நெருக்கினால் ஓரத்து மண்ணுக்கு ஒதுங்காதீர்கள். நம் பக்கத்தின் நடுவிலேயே இருந்து, அகலமான இடம் வந்ததும் கை காட்டி நின்று வழிவிடுங்கள். நின்றுதான் விட வேண்டும், ஓடிக்கொண்டே விளிம்புக்குப் போகக் கூடாது.

## 10. அடுத்த முறைக்கு வைக்க வேண்டியவை

கல்லட்டி: ஏற மட்டும், அதுவும் ஒருமுறை கோத்தகிரி ஏறிய பிறகு. இந்தப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்குவதற்குப் போலீஸ் கட்டுப்பாடு இருப்பதே அங்கே நடந்த விபத்துகளால்தான், சைக்கிளில் இறங்குவதை யோசிக்கவே வேண்டாம். இன்னொரு சிக்கல், ஏற்றத்தின் அடிவாரம் முதுமலைக் காட்டை ஒட்டியது. மசினகுடியில் தங்கி, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கிளம்ப வேண்டும். தெப்பக்காடு, பந்திப்பூர் பக்கம் சைக்கிளில் சுற்றலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

கெத்தை: சாலையை மறித்து யானைகள் நிற்க, பஸ்ஸே மணிக்கணக்கில் காத்திருக்கும் இடம் அது. பெரும்பகுதிக்குப் போன் சிக்னல் கிடையாது. தனியாகப் போகாதீர்கள், கூட ஒரு வண்டி இல்லாமலும் போகாதீர்கள், சோதனைச் சாவடியில் அன்றைய நிலவரத்தைக் கேட்காமல் நுழையாதீர்கள்.

## 11. பையில் என்ன, பழுதானால் என்ன

இரண்டு டியூப், ஒட்டு, டயர் லீவர், மினி பம்ப், செயின் இணைப்பு, மேலே சொன்ன ஹேங்கர், டயர் வெட்டுக்கு உள்ளே வைக்க ஒரு துண்டு பழைய டயர். ரோடு சைக்கிளுக்கான உதிரி பாகங்களை மேலே எதிர்பார்க்காதீர்கள், அவற்றுக்குக் கோயம்புத்தூர்தான். உள்ளூர்ப் பட்டறையில் கம்பி முறுக்குவார்கள், வளைந்ததை நிமிர்த்துவார்கள், அந்த அளவுக்கு மட்டும் நம்பலாம்.

வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள், போகும் பாதை பதிவான ஜிபிஎக்ஸ் கோப்பையும். ஆனால் செயலி காட்டும் குறுக்குவழியை நம்பித் தோட்டச் சாலைக்குள் இறங்க வேண்டாம். பாதி தூரத்தில் தார் முடிந்து கல் பாவிய பாதையாகும், கடைசியில் ஒரு பூட்டிய கேட் நிற்கும். அடிபட்டால் 108. ஆம்புலன்ஸுக்கு இடம் சொல்ல, கடைசியாகக் கடந்த ஊரின் பெயரையும் மைல்கல் எண்ணையும் நினைவில் வைத்திருங்கள், "ஒரு பெரிய வளைவு பக்கத்துல" என்று சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

சென்னைக்குத் திரும்பும் ரயில் இரவில்தான். காலையில் இறங்கிவிட்டால் மேட்டுப்பாளையத்தில் பகல் முழுக்கக் கையில் இருக்கும். சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, அட்டை கட்டி, லக்கேஜ் அலுவலகத்தில் மாலையிலேயே போட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் சாக்கும் கயிறும் தேடி அலைய வேண்டியிருக்காது.